கொத்து பரோட்டாவுக்கு எந்த ஒயின்?

அரிக்கமேட்டு ஜாடி முதல் அண்ணாமலை நகர் பரோட்டாக் கல் வரை: மலிவான கோப்பைக்கும் எளிய தட்டுக்கும் உள்ள பொருத்தம்

ஒயினுக்கும் உணவுக்கும் பொருத்தம் பார்ப்பதில் விலைக்கு இடமில்லை, சுவைக்குத்தான் இடம். கோப்பையில் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு என நான்கு இருக்கின்றன. தட்டில் உப்பு, புளி, எண்ணெய், காரம் என நான்கு இருக்கின்றன. இவை வாய்க்குள் சந்திக்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கும்; இல்லையென்றால் கெடுத்துவிடும். எது தூக்கும், எது கெடுக்கும் என்பதற்கான விதிகள் நாலைந்துதான். பாரிஸ் உணவகத்துக்குப் பொருந்தும் அதே விதிகள், மாலையானதும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் சூடேறும் பரோட்டாக் கல்லுக்கும் பொருந்தும். சொல்லப்போனால், விலை குறைந்த எளிய ஒயின் பெரிய விருந்துகளைவிடத் தெருக்கடைப் பண்டங்களோடுதான் நன்றாகச் சேருகிறது.

இந்தப் பொருத்தக் கணக்கு தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. வெண்பொங்கலின் நெய்க் கனத்தை உடைக்கக் கொத்சுவின் புளி, தயிர்சாதத்தின் மந்தத்தைக் கலைக்க மாவடுவின் உப்பும் காரமும், ஆப்பத்தின் லேசான புளிப்புக்குத் தேங்காய்ப்பாலின் இனிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தொட்டுக்கொள்ள ஒன்றை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒயினை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது மட்டுமே புதிது. கடலூர்க் கரையைப் பொறுத்தவரை அதுவும் அத்தனை புதிதல்ல.

கடல் நீர் கலந்த ஒயின்

புதுச்சேரிக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில், கடலூருக்குப் போகும் வழியில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் பொதுகே என்று குறிப்பிடும் துறைமுகம் இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியில் சுட்ட பளபளப்பான சிவப்பு மண்தட்டுகளின் துண்டுகளோடு, இரண்டு கைப்பிடி வைத்த நீண்ட மண்ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. மத்தியதரைக்கடல் நாட்டார் ஒயின், ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் ஆகியவற்றைக் கப்பலேற்றப் பயன்படுத்திய ஆம்போரா ஜாடிகள் அவை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வும் இந்தச் சான்றுகளுக்கு வலு சேர்த்தது.

ஜாடித் துண்டுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொல்லியலாளர் எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் வகை அதிகம் என்று காட்டினார். கோஸ் ஒயின் உயர்ந்த ரகம் அல்ல. திராட்சைச் சாற்றில் கடல் நீரைக் கலந்து செய்த அன்றாடச் சரக்கு. கொடுக்க வேண்டிய அளவை நிரப்புவதற்காக ஓர் அடிமை சாற்றில் கடல் நீரை ஊற்றினான், அதிலிருந்துதான் இந்த வழக்கம் வந்தது என்று ரோம எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். அவருக்கு முன்பே கேட்டோ என்பவர் தம் வேளாண்மை நூலில், இத்தாலியத் திராட்சையிலிருந்தே கோஸ் ஒயின் செய்யும் முறையை எழுதி வைத்துவிட்டார். மலிவு ஒயினுக்கும் போலி இருந்தது என்றால் அதற்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

உப்பு சேர்த்ததில் இரண்டு ஆதாயம் இருந்தது. நீண்ட கடற்பயணத்தில் ஒயின் சீக்கிரம் கெடவில்லை. அதோடு மட்ட ரகத்தின் கசப்பும் கரகரப்பும் அடங்கின. உப்பு கசப்பை மட்டுப்படுத்தும் என்பது இன்றைய சுவை அறிவியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. உப்பு ஒயின் ஜாடியிலேயே இருந்தாலும் சரி, தட்டில் இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

கடல் கடந்து வந்த ஒயினுக்கு இங்கே அரச மரியாதை கிடைத்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் பாடுகிறார். அரசனின் பொற்கிண்ணத்தைப் பாடிய இலக்கியம் மீனவர் வீட்டுக் கள்ளையும் விட்டுவிடவில்லை.

எயிற்பட்டினத்தின் மீன் சூடு

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மான் நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. இயற்றியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மான் நாடு என்பது இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரம். பாணன் முதலில் போய்ச் சேரும் ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அந்தக் கடற்கரை ஊரில் பாணனுக்குக் கிடைப்பதை ஒரு கடைக்காரரின் கவனத்தோடு புலவர் விவரிக்கிறார். அலை அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் ஒட்டகம் படுத்திருப்பதுபோல் கரையில் கிடக்கின்றன. அவைதான் விறகு. அந்த விறகில் நுளையர் என்னும் மீனவர் வீட்டுப் பெண் தீ மூட்டுகிறாள். அவள் அரித்துத் தெளிவாக்கிய, நாள்பட்டு முற்றிய கள்ளைப் பரதவர் கொடுக்கிறார்கள். கூடவே, உலர்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு இந்த உபசாரம் உண்டு.

விலை குறைந்த பானம், நொடியில் தயாராகும் எளிய பண்டம், வழிப்போக்கர் கையில் உடனே கொடுப்பது என்று இன்றைய துரித உணவுக்குச் சொல்லும் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. சுவைக் கணக்கும் பிசகவில்லை. கள்ளில் ஆல்கஹால் குறைவு. புதிய பனங்கள்ளில் ஏறக்குறைய 4, 5 சதவீதம்தான். நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்களால் புளிப்பு ஏறும். கரிவாயுவால் நாக்கில் சுருக்கென்று ஏறும் நுரையும் இருக்கும். கருவாட்டின் உப்பும் மீன் கொழுப்பும் கேட்பது அந்தப் புளிப்பையும் நுரையையும்தான். இதே தர்க்கத்தில்தான் மேல்நாட்டில் பொரித்த மீனுக்கும் உப்பிட்ட உருளைக்கிழங்குக்கும் நுரை பொங்கும் ஷாம்பெயினைச் சேர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை. புதுச்சேரியிலும் கேரளத்திலும் தடை இல்லை. கேரளக் கள்ளுக்கடைகளில் கப்பையும் மீன்கறியும் கள்ளோடு சேர்ந்து இன்றும் பரிமாறப்படுகின்றன. எயிற்பட்டினத்துச் சேர்க்கையின் நேர்வாரிசு இப்போது அங்கேதான் இருக்கிறது.

கரும்புப் பாகிலிருந்து பிராந்தி வரை

1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கி அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் இருந்தார்கள். இத்தனை ஐரோப்பியர் வந்து தங்கிய கரையிலும் ஒயின் வெள்ளையர் மேசையைத் தாண்டவில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் விரும்பிக் குடித்த மதேரா ஒயின், கப்பலின் வெக்கையிலும் கெடாமல் மேலும் சுவை ஏறும் ரகம். அது இறக்குமதிச் சரக்கு. ஊர்க்காரர் கைக்கு எட்டவில்லை.

ஊர்க்காரர் பானத்தை மாற்றியது கரும்பு. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் 1842-இல் சர்க்கரை ஆலை தொடங்கியது. கிழக்கிந்திய வடிசாலைகள் என்ற பொருள்படும் பெயரைக் கொண்ட இ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் வரலாறு இந்த ஆலையோடு பிணைந்தது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். அதில் நிறமும் வாசனையும் சேர்த்தால் மலிவு பிராந்தியும் ரம்மும் தயார். திராட்சை பயிரிட்டு, பிழிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து செய்யும் ஒயின் இந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1983-இல் உருவான அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. அங்கேயும் வடித்த மதுவும் பீரும் விற்கும் அளவுக்கு ஒயின் விற்பதில்லை.

இதன் விளைவு பக்கத்தில் வைக்கும் தட்டிலும் தெரிகிறது. பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அந்தச் சூட்டில் நாக்கு மரத்துப்போகிறது. ஊறுகாய், மிக்சர், மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை என்று பார்களில் கிடைக்கும் கடிக்கிற அயிட்டங்கள் எல்லாம் எரிச்சலை அமுக்குவதற்காக உப்பும் புளிப்பும் காரமும் தூக்கலாக வந்து சேர்ந்தவை. ஒயினில் 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால்தான். நாக்கு விழித்திருக்கும், பண்டத்தின் ருசி தெரியும். பொருத்தம் என்ற பேச்சுக்கே அப்போதுதான் இடம் உண்டு.

மலிவு என்றால் மட்டமா?

விலை கூடினால் ருசி கூடும் என்ற நம்பிக்கை சோதனையில் நிற்கவில்லை. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பெயரும் விலையும் மறைத்து நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட ருசி பார்த்தல்களை அலசியது. ஒயின் பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஒயினைக் கூடுதலாக விரும்பவில்லை. அதே ஆண்டு வெளியான மற்றொரு கலிபோர்னிய ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அதிக விலை சொன்னபோது ருசி அதிகம் என்று குடித்தவர்கள் சொன்னதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் கடைகளில் 2002-இல் 1.99 டாலருக்கு அறிமுகமான சார்ல்ஸ் ஷா ஒயினின் ஷார்டனே ரகம், 2007-இல் கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் இரட்டைத் தங்கம் வாங்கியது.

மலிவு ஒயினில் சிக்கலான மணங்கள் இருக்காது. பழ வாசனை, புளிப்பு, இனிப்பு இவை நேராகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் பக்குவப்பட்ட ஒயினின் நுண்மணம் சால்னாவின் சோம்பு, பட்டை, கிராம்புக்கு முன் காணாமல் போகும். அதற்குக் கொடுத்த பணம் வீண். எளிய ஒயினுக்கு இழக்க ஒன்றுமில்லை.

இந்தியாவில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கோவாவிலும் ஹைதராபாத் பக்கத்திலும் செய்யும் இனிப்பான சிவப்பு போர்ட் ஒயின். இரண்டாவது, நாசிக்கிலிருந்து வரும் வெள்ளை ஒயின். 1999-இல் தொடங்கிய சுலா நிறுவனத்துக்குப் பிறகு செனின் பிளாங்க், சாவின்யோன் பிளாங்க் ரகங்கள் பரவலாயின. மூன்றாவது, ஷிராஸ், காபர்நே திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத சிவப்பு ஒயினும் இளஞ்சிவப்பு ரோஸே ஒயினும்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு திராட்சையும் இருக்கிறது. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது என்பது வரலாறு. ஆண்டு முழுவதும் அறுவடை கிடைக்கும் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருநீலத் தோலும் பன்னீர் மணமும் இதன் அடையாளம். இனிப்பான, மணமான எளிய ஒயினுக்கு ஏற்ற குணங்கள் இவை.

நாக்கின் கணக்கு

முதல் விதி: புளிப்பு எண்ணெயை வெட்டும். பஜ்ஜிக்குப் பிறகு வாயில் படரும் எண்ணெய்ப் பசையைப் புளிப்பான ஒயின் உமிழ்நீரைச் சுரக்கவைத்துக் கழுவிவிடும். நுரை இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது விதி: உப்பு ஒயினை மென்மையாக்கும். கரகரப்பான மலிவு ஒயினை உப்புப் பண்டத்தோடு குடித்தால் கசப்பு அடங்கிப் பழச்சுவை மேலே வரும். கோஸ் தீவார் செய்ததும் இதுதான்.

மூன்றாவது விதி: காரத்துக்கு ஆல்கஹால் எதிரி, இனிப்பு நண்பன். மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது. அந்த முனைகள் சாதாரணமாக 42 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கின்றன. உடலின் சொந்தச் சூடே அப்போது எரிச்சலாகத் தெரியும். எனவே காரத்தோடு ஆல்கஹால் குறைந்த, சற்று இனிப்பான, குளிர்ந்த ஒயினே தேவை.

நான்காவது விதி: சிவப்பு ஒயினும் மீனும் ஒட்டாது. சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் கவிச்சி ஏறுவதற்குக் காரணம் ஒயினில் இருக்கும் இரும்பு என்று 2009-இல் ஜப்பானின் மெர்ஷன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரும்பு அதிகமுள்ள ஒயினில் கவிச்சி அதிகம். இரும்பைக் கட்டிப்போட்டால் கவிச்சி குறைந்தது.

ஐந்தாவது விதி: தட்டில் இருப்பதைவிடக் கோப்பையில் புளிப்பும் இனிப்பும் ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும். புளிக்குழம்புக்கு முன் புளிப்பில்லாத ஒயின் தண்ணீராகத் தெரியும். பண்ருட்டிப் பலாச்சுளைக்குப் பிறகு இனிப்பில்லாத ஒயின் காடியாகத் தெரியும்.

தட்டுக்கு ஏற்ற கோப்பை

1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் மலேசியா போன்ற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்திருக்கிறார்கள். மாணவர் ஊரின் சாப்பாடு பொதுவாக எப்படியோ அப்படித்தான் இங்கும்: விலை குறைவு, அளவு நிறைவு, காரம் தாராளம். ஊருக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை மீன். வடக்கே பண்ருட்டி முந்திரி. ஊருக்குள் கொத்சு என்று வட்டாரச் சரக்கும் குறைவில்லை. பார்சல் கட்டி வீட்டுக்கு வரும் பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

வாழைக்காய் பஜ்ஜியும் மசால் வடையும் எண்ணெயும் உப்பும் கலந்த எளிய கணக்கு. நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் இதற்குப் போதும். அதன் புளிப்பு எண்ணெயை வெட்டும். மாவின் லேசான இனிப்போடு அதன் பழச்சுவை ஒட்டும். நுரைக்கும் ஒயின் கிடைத்தால் வடையின் மொறுமொறுப்புக்கு இன்னும் பொருத்தம். பச்சை மிளகாய் தூக்கலான சட்னி வைத்திருந்தால் சற்று இனிப்பான ரகத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

நெத்திலி வறுவலுக்கும் சங்கரா வறுவலுக்கும் வெள்ளை ஒயின் மட்டுமே. எலுமிச்சம்பழம் பிழியும் இடத்தில் சாவின்யோன் பிளாங்க் வந்து உட்காரும். இரும்பின் கதை தெரிந்தபின் சிவப்பு ஒயினை மீன் பக்கம் கொண்டுவர யாருக்கும் மனம் வராது.

பரோட்டா சால்னாதான் பெரிய பரீட்சை. மைதாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு, இரண்டு கையாலும் அடித்து எடுத்த பரோட்டாவில் அடுக்குக்கு அடுக்கு எண்ணெய் இருக்கிறது. சால்னாவில் சோம்பு, தேங்காய், மிளகாய், கரம் மசாலா. எண்ணெய்க்குப் புளிப்பும் காரத்துக்கு இனிப்பும் ஒரே நேரத்தில் வேண்டும். இரண்டையும் அரைகுறையின்றிக் கொடுப்பது சற்று இனிப்பான ரோஸே. துவர்ப்பான காபர்நே இங்கே ஆகாது; சால்னாவின் காரம் அதன் கசப்பைக் கூட்டிவிடும்.

கொத்து பரோட்டாவில் விஷயம் இன்னும் அடர்த்தி. மாஸ்டர் இரண்டு தகடுகளால் கல்லில் தாளம் தட்டிக் கொத்தும்போது பரோட்டா, முட்டை, வெங்காயம், கறிவேப்பிலை, சால்னா எல்லாம் ஒரே பொருளாகின்றன. ஓரங்கள் கருகி, வெங்காயம் வதங்கி, ஒரு கருகல் இனிப்பு ஏறுகிறது. கல்லில் தீய்ந்த முட்டையின் வாசமும் சேர்ந்துகொள்கிறது. அந்த இனிப்பைப் பிடித்துக்கொள்ளும் ஒயின் வேண்டும். பன்னீர் திராட்சைச் சுவையுள்ள இனிப்பான சிவப்பு ஒயினைக் குளிர வைத்துப் பரிமாறினால் இதற்கு மிஞ்சியது இல்லை. தனியாகக் குடித்தால் திகட்டும் அந்த மலிவு இனிப்பு, காரமும் கருகலும் கலந்த வாய்க்கு இதமாகிறது. கட்டுரைத் தலைப்பின் கேள்விக்கு விடையும் இதுவே.

சிக்கன் 65, 1965-இல் சென்னை புகாரி ஓட்டலில் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மிளகாய்த்தூள், பொரித்த கறிவேப்பிலை, எலுமிச்சை, எண்ணெய் நான்கும் சேர்ந்த இந்தத் துண்டுகளுக்குச் சற்று இனிப்பான செனின் பிளாங்க் ஏற்றது. ஷிராஸ் பிடித்தவர்கள் கோழியை விட்டு மிளகுக் கறிக்குப் போகலாம். ஷிராஸ் திராட்சையிலேயே மிளகின் மணம் உண்டு. ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் இரண்டிலும் இருக்கிறது.

கோபி மஞ்சூரியனும் முட்டை நூடுல்ஸும் சோயா சாஸ், வினிகர், தக்காளி சாஸ் கலந்தவை. மஞ்சூரியன் 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையற்கலைஞரால் உருவானதாகச் சொல்லப்படுகிறது. சோயாவின் ஆழ்ந்த சுவை, துவர்ப்பான ஒயினை மேலும் கசக்க வைக்கும். எனவே துவர்ப்பில்லாத, இனிப்பும் புளிப்பும் சமமான வெள்ளை ஒயினே சரி.

முந்திரி பக்கோடா கடைசித் தட்டு. பண்ருட்டி முந்திரியின் வெண்ணெய்க் கொழுப்பும் கடலை மாவின் உப்பும் போர்ட் ஒயினின் கனத்த இனிப்போடு சேர்கின்றன. மேல்நாட்டில் போர்ட்டுக்குக் கொட்டைப் பருப்பு வைக்கும் வழக்கத்தின் உள்ளூர் வடிவம் இது.

பரிமாறும் விதம்

கடலூர் வெக்கையில் அலமாரியிலிருந்து எடுத்த சிவப்பு ஒயின் வெறும் ஆல்கஹாலாக நெடியடிக்கும். அறைச் சூட்டில் பரிமாற வேண்டும் என்ற ஐரோப்பிய விதி, குளிர்ந்த ஐரோப்பிய அறைகளுக்கானது. வெள்ளை ஒயினும் ரோஸேயும் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். சிவப்பு ஒயினுக்கு அரை மணி நேரம். இனிப்பான மலிவு ஒயினைக் கூடுதலாகக் குளிர வைத்தால் திகட்டல் குறையும்.

டீ குடிக்கும் கண்ணாடி கிளாஸ் போதும். பாதிக்கு மேல் ஊற்றாமல் இருந்தால் மணம் தங்கும். செம்பு, பித்தளை டம்ளர் ஆகாது. ஒயினின் புளிப்பு அவற்றோடு வினைபுரியும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளை ஒயின் மூன்று நாள் தாங்கும். போர்ட் வாரக்கணக்கில் தாங்கும்.

சட்டமும் அளவும்

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. தெருவிலும் கடற்கரையிலும் குடிப்பது குற்றம். ஆகவே இங்கே சொன்ன பொருத்தங்கள் எல்லாம் பார்சல் வாங்கி வீட்டில் சாப்பிடுவதற்கானவை. பரோட்டாக் கடை மேசையிலோ கடலூர் வெள்ளிக் கடற்கரை மணலிலோ கூடாது. புதுச்சேரியில் விலை குறைவு என்பதற்காக அனுமதியின்றி எல்லை தாண்டிப் பாட்டில் கொண்டுவருவது கடலூர் மாவட்டச் சோதனைச் சாவடிகளில் அன்றாடம் பிடிபடும் குற்றம். உரிமமின்றி வீட்டில் ஒயின் செய்வதும் சட்டத்துக்குப் புறம்பு.

மலிவு என்பதன் எல்லையும் இங்கேதான் வருகிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய அதே மரக்காணம் கரையில், எக்கியார்குப்பம் என்ற மீனவ ஊரில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதுபோன்ற சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன் எந்த மலிவும் மலிவல்ல. முத்திரையும் உற்பத்தி விவரமும் இல்லாத எதையும் தொடக்கூடாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் அறிவித்தது. கணக்கும் எளிது. 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 18 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் பிராந்தியில், அதாவது 180 மில்லியில், 77 மில்லி. ஒரு குவார்ட்டர் குடிப்பவர் ஏறக்குறைய ஒரு முழு பாட்டில் ஒயினின் ஆல்கஹாலைக் குடிக்கிறார். ஒரு தட்டுக்கு ஒரு கிளாஸ் என்பதே ருசிக்கும் போதுமான அளவு. அதற்குமேல் நாக்கு பண்டத்தைக் கவனிக்காது.

குடிக்காதவர்களின் கோப்பை

குடிக்காதவர்கள் இந்த விதிகளால் இழப்பது எதுவுமில்லை. புளிப்பு, இனிப்பு, நுரை, துவர்ப்பு நான்கும் ஆல்கஹால் இல்லாத பானங்களிலும் இருக்கின்றன.

பஜ்ஜிக்கும் வடைக்கும் டீ சேர்வதன் காரணம் துவர்ப்பு. டீயின் டானின் எண்ணெய்ப் பசையைத் துடைக்கிறது. பாலும் சர்க்கரையும் மிளகாயைத் தணிக்கின்றன. சிக்கன் 65-க்கும் மஞ்சூரியனுக்கும் பன்னீர் சோடா பொருந்தும்; நுரை எண்ணெயையும் சர்க்கரை காரத்தையும் பார்த்துக்கொள்ளும். மீன் வறுவலுக்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடா போதும். கொத்து பரோட்டாவுக்குச் சர்க்கரை சேர்க்காமல் பிழிந்த பன்னீர் திராட்சைச் சாறு, ஒயினின் வேலையை முழுவதும் செய்யும். காரம் தாங்காதவர்களுக்கு மோர் எல்லாவற்றையும் விஞ்சியது. பாலின் கேசின் புரதம் கேப்சைசினை நாக்கிலிருந்து இழுத்துச் செல்லும். தண்ணீரால் அது முடியாது.

சிதம்பரத்தின் கொத்சுவும் இந்த வரிசையில்தான் வர வேண்டும். நடராசர் கோயில் நைவேத்தியமான சம்பா சாதத்தோடு சேர்ந்த கொத்சுவை மதுவின் பக்கத்தில் வைப்பது மரியாதை ஆகாது. ருசிக்கும் அது தேவையில்லை. சுட்ட கத்தரிக்காயின் புகைவாசம், வறுத்து அரைத்த மல்லி, புளி இவற்றின் சேர்க்கையில் புளிப்பு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. இட்லி கொத்சுவுக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோர் சரியான துணை. மோரின் மென்மையான புளிப்பு, ஐந்தாவது விதிக்கு விலக்காக, புளியோடு மோதாமல் ஒதுங்கி நிற்கிறது. உப்பு கத்தரிக்காயின் இனிப்பை வெளியே கொண்டுவருகிறது.

எண்ணெய்க்குப் புளிப்பு, காரத்துக்கு இனிப்பு, மீனுக்கு வெள்ளை ஒயின், எதற்கும் குளிர்ச்சி: இவ்வளவும் தெரிந்த ஒருவர் எந்தக் கடைத் தட்டுக்கும், கையில் இருக்கும் காசுக்குள், ஏற்ற கோப்பையைத் தேர்ந்துகொள்ள முடியும்.